கீரைக் குழாய்களின் நடுவே ஒரு கண்ணாடி விரல்

மண் இல்லாமல் கீரை வளர்க்கிறோம் என்று சொன்னால் ஆரணியில் முதலில் சிரிப்பார்கள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்ப எதுலதான் வளக்கறீங்க?" என்று கேட்பார்கள், ஏதோ சாராயம் காய்ச்சுகிற இடத்தை விசாரிப்பதுபோல.

"தண்ணியில."

"வெறும் தண்ணியிலயா?"

"சத்து கலந்த தண்ணி."

"மருந்துன்னு சொல்லு."

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கண்ணமங்கலம் போகும் சாலையோரம், என் மனைவிக்குப் பிறந்த வீட்டுப் பங்காக வந்த துண்டு நிலத்தில், வெள்ளைத் தகடு போர்த்திய அந்தப் பாலிஹவுசுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இடுப்பு உயரத்தில் வெள்ளைக் குழாய்கள் வரிசை வரிசையாகப் படுத்திருக்கும். குழாயின் மேல் துளைகள். துளைக்கொரு பிளாஸ்டிக் கிண்ணம், கிண்ணத்தில் ஒரு பிடி தேங்காய் நார்த்தூள், அதில் ஒரு செடி. உள்ளே தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். கிண்ணத்தைத் தூக்கினால் வேர் முழுவதும் வெள்ளையாக, சொட்டிக்கொண்டு, வெளிச்சத்தில் கூசி நிற்கும். மண்ணுக்குள் ஒரு செடி என்ன செய்கிறது என்று மனிதன் பார்க்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டு, கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிடுவேன்.

மனைவி முள்ளிப்பட்டு நெசவுக் குடும்பம். அவள் அண்ணன் வீட்டில் இன்றைக்கும் தறி ஓடுகிறது. அவளுக்குத் தறியும் வேண்டாம், பட்டுக் கடையும் வேண்டாம். வேலூர் ஹோட்டல்காரர்கள் லெட்யூஸ் என்கிற சாலட் கீரையைப் பெங்களூரிலிருந்து பெட்டி கட்டி வரவழைக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்தவள், அன்றிலிருந்து வேறு எதையும் கேட்கவில்லை. நான் புடவைக் கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதுகிறவன். மிச்ச நேரத்தில் யாரும் கேட்காத வரிகளை எழுதுகிறவன். ஒரு நாற்காலியில் முழுதாக ஒரு டீ குடித்து முடிக்காதவன்.

"மண்ணே இல்லாம நிக்க முடியும்னு உங்கள வச்சுத்தாங்க எனக்கு நம்பிக்கை வந்துச்சு" என்பாள் மனைவி.

எங்களோடு வேலை பார்ப்பவரை அக்கா என்றே கூப்பிடுவோம். ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர். பாதி ஆயுளை அடுத்தவர் வயலில் குனிந்தே கழித்தவர். நாற்று நட்டு, களை பறித்து, கடைசியில் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. எங்களிடம் வந்த அன்றே சொல்லிவிட்டார்: "நிக்கற வேலையா குடு, நாள் பூரா நிப்பேன். குனியற வேலை குடுத்தினா என்னால ஆவாது." இடுப்பு உயரத்தில் கீரை வளரும் இடம் சுற்றுவட்டாரத்தில் இது ஒன்றுதான். இந்த வேலை போனால் அவருக்கு மறுபடியும் குனிகிற வேலைதான், அதற்கு இனி உடம்பு இல்லை. இது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவருக்கு எல்லோரும் 'நீ'தான். என்னைச் 'சாரே' என்பார். அந்த ஏகாரத்தில் மரியாதை இருக்கிறதா, கிண்டல் இருக்கிறதா என்று இதுவரை எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் அக்காவும் இன்னொரு பெண்ணுமாக இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். காலையும் மாலையும் காகிதத் துண்டை, குழாய்களுக்குத் தண்ணீர் போகும் தொட்டியில் நனைத்து, நிறம் பார்த்து, தண்ணீரின் புளிப்பைச் சொல்வார்கள். அதற்கேற்ப மூடியில் அளந்து ஊற்றுவோம். புளிப்பு என்பது வீட்டுப் பேச்சு. படித்தவர்கள் பி.எச். என்பார்கள். அந்த எண் ஏறினால் புளிப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தம், இறங்கினால் புளித்துப்போய்விட்டது. ஆறுக்குப் பக்கத்தில் நின்றால் கீரைக்குச் சந்தோஷம். மோர்க்குழம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தையில்லை.

அந்த இன்னொரு பெண் செருப்புக் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு மனைவி ஆள் தேடவில்லை. மெஷின் வாங்கினாள்.

சுவரில் ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து மெல்லிய குழல்கள் மூன்று கேன்களுக்குள் இறங்கும். இரண்டில் சத்து, ஒன்றில் அமிலம். தொட்டிக்குள் இரண்டு விரல்கள் தொங்கும். ஒன்று தண்ணீரின் உப்பை அறியும், மற்றொன்று புளிப்பை. இரண்டாவதன் முனையில் குன்றிமணி பருமனில் ஒரு கண்ணாடிக் குமிழ். விரல் தொட்டுச் சொல்லும், பெட்டி கேட்கும், வேண்டியதைச் சொட்டுச் சொட்டாகத் தானே ஊற்றிக்கொள்ளும். எண் எல்லை தாண்டினால் என் கைப்பேசியும் மனைவியின் கைப்பேசியும் ஒன்றாகச் சிணுங்கும்.

பொருத்த வந்தவர் கண்ணமங்கலத்துக்காரர். வேலூரில் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார். கண்ணாடிக் குமிழை வெளிச்சத்தில் காட்டி, "இதுலதான் உசுரே இருக்குது. அழுக்கு படிஞ்சா பொய் சொல்லும். சுத்தமா வச்சுக்குங்க" என்றார். எங்கள் இருவரிடமும்தான் சொன்னார். நாற்றுத் தட்டைச் சுமந்துகொண்டு அக்காவும் பக்கத்தில் நின்றிருந்தார்.

அவர் போன பின், மனைவி என்னிடம் மெதுவாகத்தான் சொன்னாள். பாலிஹவுசில் மெதுவாகச் சொன்னாலும் கேட்கும். தகட்டுக் கூரை எல்லாவற்றையும் திருப்பித் தரும்.

"இது ஒழுங்கா ஓடிச்சின்னா பங்குனி முடிஞ்சதும் பாக்கலாங்க. ஒரு முழு ஆளுக்கே இங்க வேலை இருக்குமான்னு."

தட்டு கழுவிக்கொண்டிருந்த அக்காவின் கை ஒரு கணம் நின்று, பிறகு முன்னைவிட வேகமாகக் கழுவியது. மனைவி வேலூர் பஸ்ஸுக்குப் பெட்டி அனுப்பக் கிளம்பியதும் என்னிடம் வந்தார்.

"ஏன் சாரே, இது ஒழுங்கா ஓடிச்சின்னா நானு ஊட்டுக்கா?"

"அப்படிலாம் இல்லக்கா."

"ஒழுங்கா ஓடலன்னா?"

கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையை எடுத்து எங்கோ ஒரு மூலையில் வைத்துக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். எதற்கென்று தெரியாமலே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்வது, பிறகு அதற்கொரு கதை தேடுவது.

மாசி வெயில் ஏறியது. கைப்பேசி சிணுங்க ஆரம்பித்தது.

பல் துலக்கும்போது சிணுங்கும். எடுத்துப் பார்த்தால் எண் எகிறியிருக்கும், புளிப்பு போதவில்லை என்று மெஷின் அமிலம் ஊற்றிக்கொண்டிருக்கும். மதியம் சாப்பிடும்போது மறுபடி சிணுங்கும். இப்போது எண் அதலபாதாளத்தில். தொட்டித் தண்ணீர் புளித்துக்கிடக்கும். மனைவி ஓடிப்போய் நல்ல தண்ணீர் திறந்துவிட்டு ஈடுகட்டுவாள். மறுநாள் காலை மறுபடியும் அதே கூத்து. லெட்யூஸின் ஓரங்கள் காகிதம் கருகுவதுபோலக் கருகின. பாலக் வளரவே மறந்துவிட்டு நின்றது. கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக இல்லை, டீ வடிகட்டியில் மிஞ்சியதுபோல இருந்தது.

முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். வாசனை இல்லாத எதையும் எனக்கு நம்ப வராது. பிறகு தண்ணீரை. சாயப்பட்டறை இருக்கும் ஊரில் யாருக்கும் தண்ணீர்மேல் சந்தேகம் வராமல் இருக்காது. போர்த் தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்தேன், நாக்கில் வைத்தேன், வெள்ளைக் கோப்பையில் ஊற்றி வெயிலில் காட்டினேன்.

"சாயம் கலந்திருந்தா லெட்யூஸு மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் போட்டு வந்திருக்குமே. வேலூருக்கு ஏன் அனுப்பறோம், கடையிலயே மடிச்சு வித்துடலாமே" என்றாள் மனைவி. சிரிக்கவில்லை.

பிறகு அந்த ஹெல்மெட்காரரைச் சந்தேகப்பட்டேன். அமிலம் விற்பதும் அவர்தானே.

இந்தச் சந்தேகங்களெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து முட்டி நின்றன. அன்று கைப்பேசி சிணுங்கவே இல்லை. காலையிலும் இல்லை, மதியமும் இல்லை. எண் ஆறில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறும் இப்படித்தான் சும்மா இருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வருவதில்லை.

திங்கள் காலை கவனித்தேன். ஷேர் ஆட்டோ அவரைச் சாலையில் இறக்கிவிடும் நேரம் எனக்குத் தெரியும். அவர் கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி, வாசலில் கிருமிக்கென்று வைத்த சுண்ணாம்புத் தண்ணீரில் கால் நனைத்து உள்ளே போயிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி சிணுங்கியது. செவ்வாயும் அப்படியே.

சந்தேகம் ஒரு செடியானால், அதற்கு மண் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். இப்போது அக்கா செய்த எல்லாமே எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. கருகின இலையைக் கிள்ளும்போது அவர் முகத்தில் இருந்தது வருத்தமா, திருப்தியா? "பேஜார் புடிச்ச மெஷினு" என்று அவர் திட்டினால், ஏன் இவ்வளவு சத்தமாகத் திட்டுகிறார்? திட்டாமல் இருந்தால், ஏன் இன்றைக்குத் திட்டவில்லை? "மெஷின் வந்து நெல்லு வெளஞ்சுது, கீரைக்கு மட்டும் ஆவலியே" என்று அவர் பெருமூச்சு விட்டால், அந்தப் பெருமூச்சின் நீளத்தைக்கூட அளந்தேன்.

புதன்கிழமை, ஷேர் ஆட்டோ வருமுன்பே போய்விட்டேன். பாலிஹவுசின் ஒரு பக்கச் சுவர் முழுதும் தேன்கூடுபோல் அட்டைச் சல்லடை. அதில் தண்ணீர் வழிந்து, எதிர்ப்பக்கத்து மின்விசிறி இழுக்க, உள்ளே குளிர்ந்த காற்று போகும். சல்லடைக்கு வெளியே, ஓரத்து இடுக்கில் நின்றேன். விடிந்து வெளிச்சம் நன்றாகவே இருந்தது. ஈரம் சட்டையில் தெறித்தது. நாற்பது தாண்டிய மனிதன் தன் சொந்தக் கீரையை வேவு பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று ஒரு வரி தோன்றியது. அதையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அக்கா வந்தார். கால் நனைத்தார். சுற்றிலும் பார்க்கவில்லை, நேராகத் தொட்டிக்குத்தான் போனார். அந்தக் கண்ணாடி விரலைத் தாங்கியிலிருந்து உருவினார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளேயிருந்து சிவப்பாக எதையோ எடுத்தார். விரலின் முனையை அதில் சுற்றி, உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தார். எடுத்து, வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினார். மறுபடி தேய்த்தார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஏதோ சொல்கிறார். அந்தக் கண்ணாடியிடம் சொல்கிறார். பிறகு விரலைத் தாங்கியில் செருகினார், சிவப்பை முடிந்துகொண்டார், நாற்றுப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் என் சட்டைப் பையில் கைப்பேசி துடித்தது. சத்தம் வெளியே போகாமல் கையால் பொத்திக்கொண்டேன். சல்லடையை உரசிக்கொண்டு பின்வாங்கினேன். ஏதோ என்மேல்தான் குற்றம் இருப்பதுபோல வேர்த்தது.

மனைவியிடம் சொன்னேன். வேலூர் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் டேப்பைக் கடித்தபடியே நின்றாள்.

"அக்காவா? மாட்டாங்க."

"நான் பாத்தேன்மா."

"என்னாத்த தடவினாங்க? எண்ணெயா?"

"தெரியல. செவப்பா ஒரு துணி. எதையோ முணுமுணுத்துகினே பண்றாங்க."

அவள் டேப்பை அறுத்தாள். ரொம்ப நேரம் அந்தப் பெட்டியின் மூலையையே தடவிக்கொண்டிருந்தாள். "மெஷின் பொருத்தினவர் நாளைக்கு பாக்க வரேன்னிருக்கார். அவர் முன்னாடியே கேப்போம். அப்படி ஏதாவதுன்னா, இந்த வாரத்தோட போதும்னு சொல்லிட வேண்டியதுதான்." பிறகு, "அந்த முட்டியோட எங்க போவாங்க" என்று பெட்டியிடம் கேட்டாள்.

வியாழன் காலை ஹெல்மெட்காரர் வந்தார். அக்கா தன் வேலையை முடித்து, அதாவது நான் பார்த்த அந்த வேலையை முடித்து, நாற்றுக் கிண்ணங்களில் நார்த்தூள் நிரப்பிக்கொண்டிருந்தார். மெஷின் வழக்கம்போல் எண் எகிறிவிட்டது என்று அமிலத்தை உறிஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தது. அவர் தன் பையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்துத் தொட்டியில் விட்டார். பார்த்தார். மெஷினைப் பார்த்தார். திரும்பப் பேனாவைப் பார்த்தார். மெஷின் ஏழு என்றது. பேனா ஐந்துக்கும் கீழே போய் நின்றது. மெஷினின் சுவிட்சை அணைத்தார்.

"சார், இது பொய் சொல்லுது."

"நான் சொல்லல?" என்று அங்கிருந்தே அக்கா குரல் கொடுத்தார். "பொய்க்காரனுது மூஞ்சப் பாத்தாலே தெரியுமே. எப்ப பாரு பச்சையா ஒரு வெளக்கு எரிஞ்சிகினு."

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அவள் குரல் அவள் குரலாக இல்லை.

"அக்கா. காலையில வந்ததும் இத வெளிய எடுத்து இன்னா பண்றீங்க?"

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். திடுக்கிடவில்லை. எனக்கு அதுவே சந்தேகமாக இருந்தது.

"தொடைக்கறேன்."

"யார் தொடைக்க சொன்னது?"

"இவுருதான்."

ஹெல்மெட்காரர் நெஞ்சில் கை வைத்தார். "நானா?"

"நீதானப்பா சொன்ன? அழுக்கு படிஞ்சா பொய் சொல்லும், சுத்தமா வச்சிக்கணும்னு. இவுங்க ரெண்டு பேரும் தலைய ஆட்டிட்டு போயிட்டாங்க. யாரு தொடைக்கறது? நாந்தான் தெனம் தொடைக்கறேன்."

"எதாலக்கா தொடைக்கறீங்க?"

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளங்கையில் விரித்துக் காட்டினார். அரக்கு நிறத்தில், கைக்குட்டையில் பாதி அளவு. ஓரத்தில் ஒரு இழை சரிகைகூட இருந்தது.

"இந்தம்மா குடுத்தது."

மனைவி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். ஏன் கழற்றினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அந்தத் துண்டு அவள் அண்ணன் தறியிலிருந்து வந்தது. சேலையை அறுத்து எடுத்தபின் தறியில் மிஞ்சும் துணுக்குகளை அந்த வீட்டில் யாரும் எறிவதில்லை. கண்ணாடி என்று எது இருந்தாலும் பட்டால்தான் துடைப்பார்கள். சாமி படம், மூக்குக்கண்ணாடி, இப்போது கைப்பேசித் திரை. வேறு துணி பட்டால் கீறல் விழுமாம். என் மனைவியின் கைப்பையில் எப்போதும் ஒரு துணுக்கு இருக்கும். அக்கா ஒருநாள் அவள் மூக்குக்கண்ணாடியில் தெறித்த தண்ணீரைத் தன் நைலக்ஸ் முந்தானையால் துடைக்கப் போக, "ஐயோ அக்கா, கண்ணாடிய பட்டாலதான் தொடைக்கணும்" என்று ஒரு துண்டைக் கையில் கொடுத்தவள் இவள்தான். அது எங்கள் எல்லோர் கண் முன்னாலும்தான் நடந்தது.

"பட்டா?" என்றார் ஹெல்மெட்காரர். கவிழ்த்துப்போட்ட பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். முதல் முறையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். "கண்ணாடிய பட்டால தேச்சீங்களா?"

எனக்குப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. கண்ணாடிக் குச்சியைப் பட்டுத்துணியால் தேய்த்துக் காகிதத் துணுக்குக்கு மேல் காட்டினால் துணுக்கு துள்ளி ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் எங்கள் வகுப்பில் யாரும் உபகரணம் தேடியதில்லை. ஆளுக்கொரு பட்டுத் துண்டு வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தோம். மின்சாரம் என்றால் என்ன என்று பட்டைத் தேய்த்துத் தெரிந்துகொண்ட ஊர் இது. தெரிந்துகொண்டு, மறந்துவிட்டு, சாமி படம் துடைக்கப் போய்விட்டது.

ஹெல்மெட்காரர் விளக்கினார். அந்தக் குமிழின்மேல் எப்போதும் ஒரு ஈரப் படலம் இருக்க வேண்டுமாம். அதைத் துடைத்துக் காயவைத்தால் ஒரு பிசகு. தேய்த்தால் மின்னேற்றம் உட்கார்ந்துகொண்டு இன்னொரு பிசகு. இரண்டில் எது, அல்லது இரண்டுமா என்று அவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. "கொஞ்ச நேரம் கண்டபடி சொல்லும் சார். அப்புறம் தண்ணியில ஊறினா தானா தெளிஞ்சிடும். ஆனா அதுக்குள்ள மெஷின் அத நம்பி ஆசிட்ட ஊத்திடுது." ஆக, காலையில் எகிறிய எண் பொய். மதியம் சரிந்த எண்தான் உண்மை. பொய் சொல்லக்கூடாது என்று துடைக்கத் துடைக்க அது பொய் சொல்லியிருக்கிறது.

"தேய்க்கவே கூடாது. தண்ணி ஊத்தி அலசணும், அவ்ளோதான்."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அக்கா.

"பட்டால தேய்ப்பீங்கன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? வேற ஊர்ல யாரும் இப்படி பண்ணல."

"வேற ஊர்ல எதால தேய்க்கறாங்க?"

"எதாலயும் தேய்க்க மாட்டாங்க. அழுக்கோட வுட்டுடுவாங்க."

"அத்த பெருமையா வேற சொல்லு."

நான்தான் முதலில் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. அக்கா சிரிக்கவில்லை. எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இரு, இரு. இத்த கேக்கறதுக்கா இந்த தம்பிய வச்சிகினு நிக்கறீங்க?"

மெஷின் நின்றிருந்ததால் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"சாரே. நேத்து காலையில அந்தாண்ட, சல்லடைக்கு பின்னாடி, நீயா?"

பக்கத்துக் கிண்ணம் ஒன்றை நேராக்கினேன்.

"என்னமோ நெளியுதேன்னு பாத்தேன். பாம்புன்னு நெனச்சி கம்முனு இந்தாண்ட வந்துட்டேன்."

பாம்பு என்றபோது அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சொல்லக்கூடாததையே சொன்னேன். "வாயில என்னமோ முணுமுணுத்துகினு இருந்தீங்களேக்கா. அதான்..."

"அதுவா?" அக்கா அந்தக் கண்ணாடி விரலைப் பார்த்தார். "'நல்லா ஓடு, ஆனா ரொம்ப நல்லா ஓடிடாத'ன்னு சொன்னேன். தெனம் சொல்றதுதான். தப்பா?"

மனைவி தரையைப் பார்த்தாள். நான் சந்தேகப்பட்ட கைதான் அது, பிசகு நடந்ததும் அந்தக் கையால்தான். அப்படியும் நான் கண்டுபிடித்தது எதுவும் உண்மையாக இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை ஒரு வாக்கியம் எனக்கு அமையவில்லை.

போதாக்குறைக்கு, பட்டை முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்தக் கையை நினைத்து மனதுக்குள் உருக ஆரம்பித்திருந்தேன். "பட்டுன்னுதான் பத்திரமா முடிஞ்சு வச்சீங்களாக்கா?" என்று கேட்டும்விட்டேன்.

"ஏன், எங்கிட்ட பட்டு இல்லன்னு நெனச்சியா? பீரோல ரெண்டு கீது. பொண்ணு கல்யாணத்துக்கு உன் மச்சான் வூட்டுலதான் எடுத்தேன். நீதான் அப்ப ஊர்லயே இல்ல. இங்க கீழ வச்சா ஈரத்துல வுழுமேன்னு முடிஞ்சேன்."

உருக்கம் அந்த இடத்திலேயே உறைந்தது.

மனைவி ஹெல்மெட்காரரிடம் திரும்பினாள். "இனிமே இத யாரும் தொடாம வுட்டா, தானா ஓடிடுமா?"

அவர் அவசரப்படவில்லை. விரலை நல்ல தண்ணீரில் அலசினார், ஏதோ சின்னப் புட்டித் தண்ணீரில் ஊறவைத்தார். "ஓடும் மேடம். ஆனா நம்பக்கூடாது. உங்ககிட்ட பழைய காகிதம் இருக்குல்ல? தினம் ஒருத்தர் அதுல நனைச்சு, மெஷின் சொல்றது நெசமான்னு பாக்கணும். மெஷின் இருக்கற எடத்துல அத நம்பாத ஆள் ஒண்ணு கண்டிப்பா வேணும்."

"நம்பாத ஆளா?" என்றார் அக்கா. "அந்த வேலைய நான் பாக்கறேன். ஆரம்பத்துலேருந்தே எனக்கு இதும்மேல நம்பிக்கை கெடையாது."

மனைவி மெல்லத் தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அக்கா அதைக் கேட்டு வாங்கவுமில்லை. வேறொன்றைத்தான் கேட்டு வாங்கினார்.

"ஒண்ணு சொல்றேன். அது கத்தினா என் போன்லயும் கத்தணும்."

"உங்க போன்லயா?"

"ஆமா. நான் தொடைக்கறேன், அங்க உங்க ரெண்டு பேர் போனும் அடிக்குது. நீங்க ரெண்டு பேரும் ஊட்டுல உக்காந்துகினு என்ன பத்தி பேசறீங்க. இங்க எனக்கு ஒண்ணும் கேக்கல. எனக்கு கேட்டிருந்தா? 'இன்னாடா இது, தொட்டா கத்துதே'ன்னு மொத நாளே வுட்டிருக்க மாட்டேன்?"

இவ்வளவு நாள் நான் எடுத்து வைத்த பார்வைகள், பெருமூச்சுகள், வரிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒன்றுமில்லாமல் போயின. எண்ணை மறைத்து வைத்தது அவரல்ல. நாங்கள்.

அக்கா இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்துக் கொடுத்தார். திரையில் குறுக்காக ஒரு விரிசல். அவர் நைலக்ஸ் முந்தானையால்தான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. ஹெல்மெட்காரர் எதையெதையோ ஏற்றினார். எது ஏறினால் சிவப்பு, எது இறங்கினால் மஞ்சள் என்று சொல்லிக்கொடுத்தார். சத்தத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, எல்லாவற்றிலும் கரகரப்பான ஒரு சேவல் கூவலைத் தேர்ந்தெடுத்தார்.

கிளம்பும் நேரத்தில் மனைவியின் கையைப் பிடித்து விரித்து, அரக்குத் துண்டை அதில் வைத்தார்.

"இது ஊட்டு கண்ணாடிக்கு."

மனைவி அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்று முழுவதும் அவள் மூக்குக்கண்ணாடி துடைக்கப்படாமல் மங்கலாகவே இருந்தது.

மறுநாள் காலை என் கைப்பேசி சும்மா இருந்தது. அந்தச் சும்மாவை நான் நம்பவில்லை. பல் துலக்கினேன், காத்திருந்தேன், டீயைப் பாதியில் வைத்தேன், வண்டியை எடுத்துக்கொண்டு கண்ணமங்கலம் சாலைக்குப் போனேன். இந்த முறை கேட் வழியாக, செருப்பைக் கழற்றி, காலை நனைத்து உள்ளே போனேன்.

அக்கா தொட்டியருகே நின்றுகொண்டிருந்தார். கையில் காகிதத் துண்டு. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வா சாரே. இன்னைக்கி நேராவே வந்துட்ட."

"சும்மாதான்க்கா. கீரை பாக்க."

"பாரு, பாரு. அது இன்னா மறைச்சா வச்சிருக்குது."

ஒரு கிண்ணத்தைத் தூக்கினேன். பழுத்துப்போன பழைய வேருக்கு மேலே, அதன் பக்கத்திலேயே, நூல் மாதிரி ஒன்று வெள்ளையாக எட்டிப் பார்த்தது. புது வேரா, அல்லது நான் பார்க்க விரும்புவதால் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிண்ணத்தை வைத்துவிட்டேன்.

பங்குனி வந்தது, முடிந்தது. பங்குனி முடிந்ததும் பார்க்கலாம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. வேலூர் பெட்டிகள் மறுபடி நிறைந்து போகின்றன. மெஷின் ஓடுகிறது, ரொம்ப நல்லாவும் இல்லாமல். எப்போதாவது எண் பிசகினால் மூன்று கைப்பேசிகள் அடிக்கின்றன. இரண்டு சிணுங்குகின்றன, ஒன்று கூவுகிறது. கூவுவதுதான் எப்போதும் முதலில் எங்களைக் கூப்பிடுகிறது: "சாரே, உன் மெஷினு என்னமோ சொல்லுது. நான் பாத்துகினு சொல்றேன், அதுவரைக்கும் நம்பாத."

நான் கேட் வழியாக வந்த அந்தக் காலையில் அக்கா காகிதத்தைக் கூரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நிற அட்டையோடு ஒட்டிப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். திரும்பக் காகிதத்தைப் பார்த்தார்.

"இது ஆறுன்னுது" என்றார். "அதுவும் ஆறுன்னுது." புருவத்தைச் சுருக்கினார். "ரெண்டும் பேசி வச்சிகினு சொல்லுதோ இன்னாவோ."

இன்னொரு காகிதத்தைக் கிழித்தார்.